ஆன்டிகுவாவின் அக்கா தங்கை: வாசகர் கேள்விகளுக்கு டீச்சர் பதில்

இரண்டு இதழ்களுக்கு முன்னால், ஓய்வுநாள் பள்ளிகள், அதாவது ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு வேதமும் எழுத்தும் சொல்லித்தரும் பள்ளிகள், எப்படித் தொடங்கின என்று ஒருவர் கேட்டிருந்தார். இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் 1780-ல் ராபர்ட் ரெய்க்ஸ் தொடங்கியதைச் சொல்லிவிட்டு, "கரீபியத் தீவான ஆன்டிகுவாவில் 1809-ல் அடிமைப் பிள்ளைகளையும் சேர்த்து உட்கார வைத்து இப்படி ஒரு பள்ளியை நடத்தியவர்கள் ஓர் அக்காவும் தங்கையும்" என்று முடித்திருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. எனக்கும் அவர்களைப் பற்றிப் பேச வெகுநாள் ஆசை. ஆகவே இந்த இதழில் வேறு கேள்வி எதையும் எடுக்கவில்லை.

யார் அந்த அக்கா தங்கை? ஒரு வரியில் சொல்லிவிட்டு நிறுத்திவிட்டீர்களே டீச்சர்!
– பள்ளி ஆசிரியை ஒருவர், சிவகாசி

அக்கா பெயர் ஆன் ஹார்ட். தங்கை எலிசபெத் ஹார்ட். கல்யாணத்துக்குப் பிறகு ஆன் கில்பர்ட், எலிசபெத் த்வெய்ட்ஸ். ஆன் பிறந்தது 1768. எலிசபெத் மூன்று நான்கு வயது இளையவர். தீவில் பெரும்பாலான கறுப்பின மக்கள் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக இருந்த காலத்தில், இவர்களுடையது அடிமையல்லாத, கலப்பினக் குடும்பம். அப்பா பேரி கான்யர்ஸ் ஹார்ட் தோட்ட முதலாளி. உள்ளூர்ப் பத்திரிகையில் கவிதை எழுதுவார். வீட்டில் புத்தகம் இருந்தது, படிப்பு இருந்தது. அம்மா இறந்த பிறகு தம்பி தங்கைகளை வளர்க்கும் பொறுப்பு மூத்தவளான ஆன் தலையில் விழுந்தது. அவர் முதலில் டீச்சரானது அந்த வீட்டுக்குள்தான் என்று எனக்குத் தோன்றும்.

1786-ல் இருவரும் மெதடிஸ்ட் சபையில் சேர்ந்தார்கள். ஞானஸ்நானம் கொடுத்தவர் தாமஸ் கோக் ஐயர் என்ற மெதடிஸ்ட் போதகர். இந்தப் பெயரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது. ஆன் 1798-ல் ஜான் கில்பர்ட் என்ற வெள்ளைக்காரரையும், எலிசபெத் 1805-ல் சார்ல்ஸ் த்வெய்ட்ஸ் என்ற மெதடிஸ்ட் ஆசிரியரையும் மணந்தார்கள். தீவின் தென்கோடியில் இங்கிலிஷ் ஹார்பர் என்று ஒரு கடற்படைத் துறைமுகம். அங்கேதான் 1809-ல் அந்த ஓய்வுநாள் பள்ளி தொடங்கியது. கரீபியத் தீவுகளிலேயே அதுதான் முதல் ஓய்வுநாள் பள்ளி என்கிறார்கள். வெள்ளை, கறுப்பு, கலப்பு, சுதந்திரர், அடிமை என்று பிரிக்காமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் அதில் இடம் இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1804-ல் சபைப் போதகர் ஒருவர் கேட்டுக்கொண்டதால், ஆன்டிகுவாவில் மெதடிஸ்ட் சபை வளர்ந்த கதையை அக்காவும் தங்கையும் தனித்தனியே நீண்ட கடிதங்களாக எழுதிக் கொடுத்தார்கள். கரீபியத்தில் ஆப்பிரிக்க வழிவந்த பெண்கள் கைப்பட எழுதியவற்றில் மிகப் பழையவற்றுள் அவை இரண்டும் சேரும். இன்று நாம் அவர்களைப் பற்றி இவ்வளவு பேச முடிவதற்குக் காரணம், அன்று அவர்கள் பேனாவைக் கையில் எடுத்ததுதான்.

ஆன்டிகுவா என்றால் கிரிக்கெட் வீரர் விவியன் ரிச்சர்ட்ஸ் ஊர்தானே?
– கல்லூரி மாணவர், திருச்சி

அதே ஊர்தான் தம்பி. தீவு மொத்தமே சுமார் 280 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் வைத்தாலும் இடம் மிச்சம் இருக்கும். சொல்லிக்கொள்ளும்படி ஓர் ஆறு கிடையாது. மழைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வைத்துத்தான் குடித்தார்கள். இராமநாதபுரத்துக்காரர்களுக்கு அந்தக் கஷ்டத்தை நான் விளக்க வேண்டியதில்லை. அந்த வறண்ட மண்ணையும் விடாமல் தீவு முழுக்கக் கரும்பு நட்டார்கள். கரும்பைப் பிழிந்த கல் காற்றாலைகளின் கோபுரங்கள் இன்றும் அங்கங்கே மொட்டையாக நிற்கின்றன. நம் கதையின் காலத்தில் அங்கே சுமார் 30,000 பேர் அடிமைகள்.

எங்கள் சபையில் பெண்கள் பேசுவது என்றால் இன்றும் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் மட்டும்தான். இருநூறு வருஷத்துக்கு முன்னால், அதுவும் ஓர் அடிமைத் தீவில், இவர்களைச் சபையில் தலைமை ஏற்க எப்படி விட்டார்கள்?
– இல்லத்தரசி ஒருவர், நாகர்கோவில்

யாரும் கூப்பிட்டு நாற்காலி போட்டுக் கொடுக்கவில்லை அம்மா. அவர்களுக்கு முன்னாலேயே அங்கே இரண்டு பெண்கள் சபையைத் தாங்கிப் பிடித்திருந்தார்கள். அவர்கள் கதையையும் சொல்கிறேன்.

நத்தானியேல் கில்பர்ட் என்று ஒரு தோட்ட முதலாளி. வக்கீல், தீவின் சட்டசபை சபாநாயகர். அவர் 1758-ல் இங்கிலாந்து போயிருந்தபோது மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் பிரசங்கத்தைக் கேட்டார். அவரோடு போயிருந்த அடிமைகள் இருவருக்கு வெஸ்லியே ஞானஸ்நானம் கொடுத்தார். ஊர் திரும்பிய கில்பர்ட் தன் வீட்டிலேயே அடிமைகளைக் கூட்டிவைத்துப் பிரசங்கம் பண்ணத் தொடங்கினார். சபாநாயகர் இப்படிச் செய்வதா என்று மற்ற முதலாளிகள் முகம் சுளித்தார்கள். 1774-ல் அவர் இறந்துபோனார். கூட்டத்துக்கு மேய்ப்பன் இல்லை. இங்கிலாந்திலிருந்தும் யாரும் வரவில்லை.

அப்போது அந்தச் சிறு சபையைக் கலையவிடாமல் காத்தவர்கள் மேரி ஆலி, சோஃபியா கேம்ப்பெல் என்ற இரண்டு பெண்கள். ஒருவர் கலப்பினத்தவர், இன்னொருவர் கறுப்பினத்தவர். வாரா வாரம் கூட்டி, ஜெபித்து, பாடி, நாலு வருஷம் ஓட்டினார்கள். 1778-ல் ஜான் பாக்ஸ்டர் என்ற கப்பல் தச்சர் துறைமுக வேலைக்கு வந்து இறங்கியபோது, அவர் கையில் ஒப்படைக்க ஒரு சபை உயிரோடு இருந்தது. 1783-ல் பாக்ஸ்டர் கோயில் கட்டினார். அந்த வேலைக்குக் கறுப்பினப் பெண்கள் கல் சுமந்து உதவியதை ஆன் தன் கடிதத்தில் எழுதி வைத்திருக்கிறார். மற்றவர்கள் எழுதிய சபை வரலாற்றில் கட்டியவர் பெயர் இருக்கும். கல் சுமந்த பெண்களையும் மறக்காமல் சேர்த்தவர் ஆன்.

மெதடிஸ்ட் சபையில் கிளாஸ் லீடர் என்று ஒரு பொறுப்பு உண்டு. பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு குழுவை ஒருவரிடம் ஒப்படைப்பார்கள். வாரம் ஒருமுறை கூட்டி, ஒவ்வொருவருடைய ஆத்தும நிலையையும் கேட்டு, நோயாளியைப் போய்ப் பார்த்து, சண்டையைத் தீர்த்து வைக்க வேண்டும். பிரசங்க பீடம் ஆண்களுக்குத்தான். ஆனால் அடிமைப் பெண் ஒருத்தி இரவில் தன் வேதனையைச் சொல்லி அழ வேண்டுமென்றால் பீடத்திலிருப்பவரிடம் போகமாட்டாள், தன் கிளாஸ் லீடரிடம் போவாள். ஆனும் எலிசபெத்தும் அந்தப் பொறுப்பில் இருந்தார்கள். நம் பக்கத்து உபதேசியார் அம்மாக்களை நினைத்துக்கொள்ளுங்கள், புரிந்துவிடும். சம்பளப் பட்டியலில் அவர்கள் பெயர் இருக்காது. ஊர் முழுக்க அவர்களைத் தெரியும்.

அடிமைகள் படிக்க முதலாளிகள் எப்படிச் சம்மதித்தார்கள்?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மதுரை

பலர் சம்மதிக்கவில்லை ஐயா. சம்மதித்தவர்களும் ஒரு கணக்கோடுதான் சம்மதித்தார்கள். வேதம் படித்தால் அடிமை பணிவாக இருப்பான், திருடமாட்டான், ஓடிப்போகமாட்டான் என்று நினைத்தார்கள். ஆகவே கரீபியத் தீவுகளில் பல இடங்களில் வாசிக்கக் கற்றுக்கொடுக்க விட்டாலும் எழுதக் கற்றுக்கொடுக்க விடவில்லை. எழுதத் தெரிந்த அடிமை, தோட்டத்தைவிட்டு வெளியே போகத் தனக்குத் தானே அனுமதிச் சீட்டு எழுதிக்கொள்வானே என்ற பயம்.

அடுத்த சிக்கல் நேரம். வாரம் ஆறு நாளும் தோட்ட வேலை. ஏழெட்டு வயதுப் பிள்ளைகளைக்கூட விடமாட்டார்கள், மாடுகளுக்குப் புல் பிடுங்கும் கூட்டத்தில் சேர்த்துவிடுவார்கள். மிச்சம் ஞாயிறு. அந்த ஞாயிற்றுக்கிழமையில்தான் தன் சொந்தத் துண்டு நிலத்தில் கிழங்கு போட வேண்டும், விளைந்ததைச் சந்தைக்குச் சுமந்துபோய் விற்க வேண்டும். ஞாயிற்றுச் சந்தை அவர்களுக்குச் சாப்பாட்டுப் பிரச்சினை. பிற்பாடு 1831-ல், பதிலுக்கு வேறு நாள் கொடுக்காமல் அரசு ஞாயிற்றுச் சந்தையை நிறுத்தியபோது தீவில் கலவரமே வெடித்தது, கரும்புத் தோட்டங்கள் எரிந்தன. அந்த ஒரே நாளில் ஒரு தாய், பிள்ளையைச் சந்தைக்குக் கூட்டிப் போகாமல் பள்ளிக்கு அனுப்புகிறாள் என்றால், அது எவ்வளவு பெரிய காணிக்கை என்று பாருங்கள்.

இதை நான் புத்தகத்தில் படித்து மட்டும் தெரிந்துகொள்ளவில்லை. நாசரேத் பக்கம் தேரிக்காட்டை ஒட்டிய ஒரு நடுநிலைப் பள்ளியில் 34 வருஷம் வேலை பார்த்தேன். பதநீர்க் காலம் வந்தால் வகுப்பில் பாதி காலி. அப்பா பனையேறுவார், அம்மா கருப்பட்டி காய்ச்சுவாள், பிள்ளை சுள்ளி பொறுக்கும், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும். முதல் வருஷம் நான் வீடு வீடாகப் போய்ச் சத்தம் போட்டேன். ஒரு அம்மா பதிலே பேசாமல், சூட்டில் வெந்துபோன தன் கையை நீட்டிக் காட்டினாள். அதற்குப் பிறகு சத்தம் போடவில்லை. அந்த மூன்று மாதமும் சாயங்காலம் பனைவிளையிலேயே அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு பாடம் சொன்னேன். அடிமைப் பிள்ளையின் வாழ்க்கையும் எங்கள் பிள்ளைகளின் வாழ்க்கையும் ஒன்று என்று சொல்லவரவில்லை. எங்கள் பிள்ளைகளை யாரும் விலைக்கு வாங்கவில்லை. ஆனால் வேலைக்கும் படிப்புக்கும் நடுவில் பிள்ளை கிழிபடுவதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, கதைக்கு வருகிறேன். 1813-ல் லயன்ஸ் என்ற தோட்டத்தில் மேலாளர் அனுமதி கொடுத்தார். எலிசபெத்தும் அவர் கணவரும் முன்னின்று, அடிமைகளின் படிப்புக்கென்றே அங்கு ஒரு கட்டடம் எழுப்பினார்கள். பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகளுக்காகக் கட்டிய முதல் பள்ளிக்கூடம் அதுதான் என்று சொல்வார்கள். அதற்கு வைத்த பெயர் பெதஸ்தா.

அதே 1813-ல் இன்னொரு மனிதர் வந்து சேர்ந்தார். வில்லியம் டாஸ். 1788-ல் ஆஸ்திரேலியாவுக்குப் போன முதல் கைதிக் கப்பல்களோடு சிட்னி சென்று அங்கே வானத்தை ஆராய்ந்தவர். அந்த மண்ணின் ஆதிக்குடிப் பெண் ஒருத்தியிடம் அவர்கள் மொழியைக் கற்றுக் குறிப்பேட்டில் எழுதி வைத்தவர். பிறகு ஆப்பிரிக்காவில் சியரா லியோன் கவர்னர். இவ்வளவும் பார்த்துவிட்டு ஆன்டிகுவாவுக்கு வந்து, சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சொசைட்டி) என்ற மிஷனரி சங்கத்தின் உதவியோடு அடிமைப் பிள்ளைகளின் பள்ளிகளுக்கு உழைத்தார். எலிசபெத்தின் கணவர் அந்தப் பள்ளிகளுக்குக் கண்காணிப்பாளர் ஆனார். நம் பாளையங்கோட்டைக்கு 1820-ல் மிஷனரி ரேனியுஸ் ஐயரை அனுப்பியதும் அதே சி.எம்.எஸ். சங்கம்தான்.

வெள்ளைக்காரரை மணந்தார் என்றீர்களே, ஊர் சும்மா விட்டதா?
– வாசகி, கோயம்புத்தூர்

விடவில்லை. வெள்ளைக்கார ஆண் கலப்பினப் பெண்ணை வைப்பாக வைத்துக்கொண்டால் அந்த ஊர் ஒன்றும் சொல்லாது. அது அன்றாட வழக்கம். கோயிலில் நின்று மோதிரம் மாற்றினால்தான் குற்றம். ஜான் கில்பர்ட் அதைத்தான் செய்தார். தீவின் காவல்படையில் அவருக்கு இருந்த பதவி பறிபோனது. அவருடைய அலுவலகக் கதவில் பாதிக்கு ஒரு நிறமும் மீதிக்கு வேறொரு நிறமும் பூசி வைத்துக் கேலி செய்தார்கள். காலையில் வேலைக்கு வந்து அந்தக் கதவைத் திறந்த மனிதரையும், சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போய் மனைவியிடம் அதைச் சொல்லியிருப்பாரே, அந்த நேரத்தையும் நினைத்தால் எனக்கு மனது பொறுக்கவில்லை.

ஆனுடைய பிற்கால வேலையை இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். இங்கிலிஷ் ஹார்பர் கடற்படை ஊர். கப்பல்கள் வரும், மாலுமிகள் இறங்குவார்கள், அதிகாரிகள் தங்குவார்கள். ஏழைப் பெண் பிள்ளைக்கு, அதிலும் தாய் தகப்பன் இல்லாதவளுக்கு, பன்னிரண்டு பதிமூன்று வயதிலேயே என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் பேசமாட்டார்கள். அந்தப் பிள்ளைகளைக் காப்பாற்றிச் சோறு போட்டு, தையலும் படிப்பும் சொல்லிக் கொடுக்க 1815 வாக்கில் பெண்களே சேர்ந்து ஓர் அடைக்கலச் சங்கம் தொடங்கினார்கள். அக்கா தங்கை இருவரும் அதில் முன்னால் நின்றார்கள். ஓய்வுநாள் பள்ளியைவிட இதுதான் அவர்கள் செய்தவற்றில் பெரியது என்பது என் எண்ணம். வேதபாடம் சொல்லிக்கொடுத்தால் ஊர் பாராட்டும். இந்த வேலையைச் செய்தால் ஊரின் பெரிய மனிதர்களைப் பகைத்துக்கொள்ள வேண்டும்.

அவர்கள் அப்பா தோட்ட முதலாளி என்கிறீர்கள். அப்படியென்றால் அவரும் அடிமைகளை வைத்திருந்தாரா? இதை மறைத்துவிட்டுப் புகழ்வது நியாயமா?
– வாசகர், சென்னை

வைத்திருந்தார். மறைக்கும் எண்ணம் எனக்கு இல்லை. கேட்டதற்கு நன்றி.

விடுதலை வேண்டி மனு எழுத வந்த அடிமைகளுக்கு அவர் எழுதி உதவினார் என்பதும் உண்மை. ஆனால் ஒன்று மற்றதைக் கழுவிவிடாது. ஆனும் எலிசபெத்தும் சாப்பிட்ட சோற்றில், படித்த புத்தகத்தில், அடிமைகளின் உழைப்பு இருந்தது. இந்த முரணுக்குள்ளேதான் எலிசபெத் வளர்ந்தார். இருபது சொச்சம் வயதில், 1794-ல், ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில் அடிமைமுறை தீமை என்று எழுதினார். அந்தத் தீவில் இருந்துகொண்டு அப்படி எழுதியது சின்ன விஷயம் இல்லை.

இன்னொரு குறையையும் நானே சொல்லிவிடுகிறேன். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த சடங்குகளையும், ஓபியா என்று அங்கே சொல்லும் மந்திர வழக்கங்களையும் ஆன் கடுமையாகக் கண்டித்து எழுதியிருக்கிறார். சொந்த நாட்டிலிருந்து பிடுங்கிக் கொண்டுவரப்பட்ட மக்களுக்கு அந்தப் பாட்டும் சடங்கும்தான் மிச்சம் இருந்த சொத்து. அதை இருட்டு என்று தள்ளியது எனக்கு ஏற்பு இல்லை. நானே என் வேலையின் ஆரம்ப நாட்களில் ஊர்க்கொடைக்கு மேளம் அடிக்கப் போன பையனை வகுப்பில் நிற்க வைத்துத் திட்டியிருக்கிறேன். இன்று அதை நினைத்து வருந்துகிறேன். அவன் தாளம் போடுவது எவ்வளவு அழகாக இருக்கும் தெரியுமா! அன்று அதைக் கேட்க எனக்குக் காது இல்லை. ஆனிடம் நான் எதிர்பார்ப்பதை முதலில் என்னிடம் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

எங்களுக்கும் அவர்களுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா டீச்சர்? நான் படித்ததும் மெதடிஸ்ட் பள்ளிக்கூடம்தான்.
– வாசகி, மட்டக்களப்பு, இலங்கை

உண்டு தங்கச்சி. உங்கள் கடிதம் வந்ததும் அப்படிச் சந்தோஷப்பட்டேன். தாமஸ் கோக் ஐயரை ஞாபகம் வைக்கச் சொன்னேனே, இதற்காகத்தான்.

1786-ல் அவர் கனடா பக்கம் நோவா ஸ்கோஷியாவுக்குக் கப்பல் ஏறினார். அத்லாந்திக் புயல் கப்பலைத் தெற்கே தூக்கி அடித்தது. எங்கேயோ போக வேண்டியவர் கிறிஸ்துமஸ் நாள் காலையில் ஆன்டிகுவாவில் கரை இறங்கினார். தெருவில் எதிரே வந்தவர் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த ஜான் பாக்ஸ்டர். இருவரும் சேர்ந்தே கோயிலுக்குப் போனார்கள். அந்தப் பயணத்தில்தான் ஆனும் எலிசபெத்தும் அவர் கையால் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

அதே கோக், வயதான காலத்தில், இலங்கைக்கு ஊழியம் போக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். ஆட்களைச் சேர்த்துக்கொண்டு புறப்பட்டார். 1814 மே மாதம் இந்தியப் பெருங்கடலில் கப்பலிலேயே இறந்தார். உடலைக் கடலில் இறக்கினார்கள். மற்றவர்கள் ஜூன் மாத முடிவில் இலங்கையின் காலித் துறைமுகத்தில் கரை சேர்ந்தார்கள். அவர்களில் வில்லியம் ஓல்ட் என்ற இளைஞர் உங்கள் மட்டக்களப்புக்கு வந்தார். மெதடிஸ்ட் மத்திய கல்லூரி தன் தொடக்கமாகச் சொல்லும் 1814 அதுதான். ஆனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் வந்து சேர முடியாமல்போன ஊர் உங்களுடையது.

இன்னொரு தொடர்பும் இருக்கிறது. 1756-லிருந்தே ஆன்டிகுவாவில் மொரேவியன் என்ற இன்னொரு கிறிஸ்தவ சபையார் அடிமைகள் நடுவே ஊழியம் செய்தார்கள். அதே சபையார் 1760-ல் நம் தரங்கம்பாடிக்கும் வந்து ஒரு தோட்டம் அமைத்து நாற்பது வருஷத்துக்கு மேல் இருந்தார்கள். ஆன்டிகுவாவில் அவர்களிடம் எழுத்துக் கற்றவர்களில் மேரி பிரின்ஸ் என்ற அடிமைப் பெண்ணும் ஒருவர். சுதந்திரமான ஒருவரை மணந்ததற்காக முதலாளியிடம் சாட்டையடி வாங்கியவர். அவர் சொன்ன தன் வாழ்க்கைக் கதை 1831-ல் லண்டனில் அச்சாகி இங்கிலாந்தையே உலுக்கியது.

விடுதலை நாளை அவர்கள் பார்த்தார்களா?
– வாசகர், திண்டுக்கல்

பார்க்கவில்லை. இந்தக் கேள்விக்குப் பதில் எழுத எனக்குக் கை வரவில்லை, இரண்டு நாள் தள்ளிப்போட்டேன்.

அடிமை ஒழிப்புச் சட்டம் லண்டனில் நிறைவேறியது 1833 ஆகஸ்டில். எலிசபெத் அந்த வருஷம் இறந்தார். ஆனின் கணவரும் அதே வருஷம் போனார். ஆன் மட்டும் மிஞ்சினார். சட்டம் நடைமுறைக்கு வரும் நாள் 1834 ஆகஸ்ட் 1. ஆன் இறந்தது 1834 ஜூலையில். இரண்டு வாரம்தான் பாக்கி.

மற்ற தீவுகளில் பெரும்பாலும் விடுதலை என்று பெயர் சொல்லிவிட்டு, பயிற்சிக்காலம் என்ற பெயரில் 1838 வரை பழைய முதலாளியிடமே கட்டாய வேலை வாங்கினார்கள். ஆன்டிகுவா முதலாளிகள் அதை வேண்டாம் என்றார்கள். முழு விடுதலையை உடனே கொடுத்தார்கள். நல்ல மனது என்று நினைத்துவிடாதீர்கள். தீவில் ஒரு சாண் நிலம் பாக்கியில்லாமல் கரும்பு. விடுதலையானவன் எங்கே போவான், கூலிக்கு நம்மிடம்தானே வருவான் என்ற கணக்கு. பிரிட்டிஷ் அரசு சாம்ராஜ்யம் முழுவதும் முதலாளிகளுக்கு 2 கோடி பவுண்டு நஷ்டஈடு கொடுத்தது. அடிமையாக இருந்தவருக்கு ஒரு காசு இல்லை.

ஆனாலும் அந்த ஜூலை 31 ராத்திரியை நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கும். ஆன்டிகுவாவின் மெதடிஸ்ட் கோயில்களில் விழிப்பு ஆராதனை, நம் வருஷப் பிறப்பு ஆராதனை மாதிரி. நடுராத்திரி மணி அடிக்கத் தொடங்கியதும் கூட்டம் முழுவதும் முழங்காலில் விழுந்தது. கடைசி மணி அடித்ததும் வானத்தில் ஒரு மின்னல், இடி. அப்புறம் பாட்டும் அழுகையும் சிரிப்பும் கட்டிப்பிடிப்பும் விடியும்வரை. சில வருஷம் கழித்துத் தீவுக்குப் போன அமெரிக்கர்கள் இருவர் இதைக் கேட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். ஓய்வுநாள் பள்ளி தொடங்கி அப்போது 25 வருஷம். அதில் ஏழு வயதில் எழுத்துக் கற்ற பிள்ளைக்கு அன்று 32 வயது. அந்த இரவில் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து, சொந்தக் கண்ணால் வாசித்துப் பாடியவர்கள் எத்தனை பேரோ!

எங்கள் ஊர் ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். எனக்கு 22 வயது. ஆரம்பத்தில் முப்பது பிள்ளைகள், இப்போது எட்டுப் பேர்தான் வருகிறார்கள். டியூஷன் என்கிறார்கள், டிவி என்கிறார்கள். விட்டுவிடலாமா என்று நினைக்கிறேன்.
– வாசகி, சாயர்புரம்

எட்டுப் பேரும் உன் முகத்தைப் பார்த்துத்தானே வருகிறார்கள் மகளே. அந்த எட்டுப் பேரின் வீட்டுக்கும் இந்த வாரம் ஒருமுறை போய்விட்டு வா. நோட்டும் வருகைப் பதிவும் எதுவும் வேண்டாம், திண்ணையில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு வா. வராத பிள்ளைகள் வீட்டுக்கு அதற்கு அடுத்த வாரம் போ. எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது என் அம்மா. அவரும் டீச்சர்தான். ஒருமுறை மழைக்காலத்தில் அவர் வகுப்புக்கு வந்தது ஒரே ஒரு பிள்ளை. அந்த ஒருத்திக்கு முழுப் பாடமும் எடுத்து, பாட்டும் பாடி, கடைசியில் வழக்கம்போல மிட்டாயும் கொடுத்து அனுப்பினார். அன்று வந்த அந்தப் பிள்ளை இப்போது நர்ஸ். அம்மாவின் கடைசி நாட்களில் ராத்திரி கண்விழித்துப் பார்த்துக்கொண்டதும் அவள்தான்.

அடுத்த வாரத்துக்கு உனக்கு ஒரு பாடமும் சொல்கிறேன். யோவான் ஐந்தாம் அதிகாரம், பெதஸ்தா குளம். 38 வருஷம் படுத்துக் கிடந்த மனுஷன், குளத்தில் இறக்கிவிட ஆள் இல்லை என்று சொல்லும் இடம். லயன்ஸ் தோட்டத்துப் பள்ளிக்கு எலிசபெத் காலத்தில் வைத்த பெயர் அந்தக் குளத்தின் பெயர். அந்த இடம் இன்றும் ஆன்டிகுவா வரைபடத்தில் பெதஸ்தா என்ற ஊராகவே இருக்கிறது, தெற்குக் கடற்கரைப் பக்கம். பிள்ளைகளிடம் அட்லஸைக் கொடுத்து முதலில் தீவைத் தேடச் சொல். சின்னப் புள்ளிதான், கண்டுபிடிக்க நேரமாகும். நானும் இந்த ஞாயிற்றுக்கிழமை என் வகுப்பில் அதைத்தான் செய்யப்போகிறேன். உன் எட்டுப் பேரில் யார் முதலில் கண்டுபிடித்தார்கள் என்று எனக்கு எழுது.